விமானம் மாறிப் போகும் முதல் பயணம்: யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னரும், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கோ பாரிஸுக்கோ சூரிச்சுக்கோ ரொறன்ரோவுக்கோ ஒரே விமானத்தில் போய் இறங்க வழியில்லை. பலாலியால் போகிறவர்கள் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி வேறு விமானம் எடுக்கிறார்கள். பெரும்பாலானோர் இரவிரவாக வான் வண்டியில் வவுனியா, அனுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று ஓடிக் கட்டுநாயக்கவை அடைந்து, பின்னர் டோகாவிலோ டுபாயிலோ இஸ்தான்புலிலோ மாறுகிறார்கள். நம்மவர் ஒருவரின் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் மூன்று துண்டுகளால் ஆனது. அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில்தான் பயணம் குழம்புகிறது. குழம்பினால் யார் பொறுப்பு என்பதோ டிக்கெட் எடுத்த அன்றே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. முதன்முறை தனியாகப் பறக்கப் போகிறவர்களையும், ஊரிலிருக்கும் தாய் தகப்பனைத் தங்களிடம் கூப்பிட்டெடுக்கும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுக்கும்போது

முகவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னர், தொடக்கத்திலிருந்து கடைசி நகரம் வரை எல்லாப் பறப்புகளும் ஒரே டிக்கெட்டில் வருகின்றனவா என்று கேளுங்கள். ஒரே டிக்கெட்டாயின் அவை ஒரே 13 இலக்க டிக்கெட் எண்ணின் கீழ் இருக்கும்; நான்குக்கு மேற்பட்ட பறப்புகள் இருந்தால் அதற்கு அடுத்த எண்ணும் சேர்ந்து வரும். இப்படி இருந்தால் முதல் விமானம் சுணங்கி அடுத்ததைத் தவறவிட்டாலும், உங்களை முடிவிடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் கடமையாகிறது. பொதிகளும் வழக்கமாகக் கடைசி விமான நிலையத்துக்கே நேராகப் போகும்.

பலாலி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–லண்டன் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் மலிவாகத் தோன்றலாம். ஆனால் பலாலி விமானம் மழையால் மூன்று மணித்தியாலம் பிந்தினால், லண்டன் விமானத்தின் நிறுவனத்துக்கு நீங்கள் வராமல்போன ஒரு பயணி மட்டுமே. அந்த டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போய்விடும். மேலும், தனி டிக்கெட்டில் போகிறவர் சென்னையில் குடிவரவைக் கடந்து வெளியே வந்து, பொதியை எடுத்து, மீண்டும் உள்ளே போக வேண்டியிருப்பதால், இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இந்திய வீசா கட்டாயம் தேவை. இதை அறியாமல் பலாலிக்கு வந்து கருமபீடத்திலேயே திருப்பி அனுப்பப்படுவது மிகக் கொடுமையான அனுபவம். வேறு வழியின்றித் தனி டிக்கெட்டில்தான் போவதென்றால், முதல் நாளே சென்னைக்குப் போய் ஓர் இரவு தங்கிப் புறப்படுவது நல்லது. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது.

அடுத்தது, மாறும் இடத்தில் கிடைக்கும் நேரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறைந்தபட்ச மாறும் நேரம் உண்டு. கணினி அந்த எல்லை வரைக்கும் டிக்கெட்டை விற்கும். இளைஞர் ஒருவர் ஓடிப் பிடிக்கக்கூடிய அந்த நேரம், முழங்கால் நோவோடு சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கும் ஒரு தாயாருக்குப் போதாது. முதியவர்களுக்கு மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளியைத் தெரிவு செய்யுங்கள். அதோடு, அடுத்த பறப்பு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்றும் பாருங்கள். ஒரு நாளில் ஒரே விமானம் மட்டும் போகும் நகரமாயின், அதைத் தவறவிட்டவர் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய விடுமுறைக் காலத்தில் இருக்கைகள் நிரம்பியிருப்பதால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளக்கூடும்.

மாறும் நாட்டின் வீசா விதியையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். பொது வீசா நடைமுறையுள்ள ஐரோப்பிய நாடுகளான செங்கன் நாடுகளின் விமான நிலையம் ஒன்றில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையருக்கு விமான நிலைய மாற்று வீசா தேவைப்படுகிறது. கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியான வீசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பிரித்தானியாவிலும் இதையொத்த நடைமுறை இருக்கிறது.

டிக்கெட்டில் இன்னும் இரண்டு விடயங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது தொடர்பு எண். பல முகவர்கள் தங்கள் கடையின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே பதிவில் போட்டுவிடுகிறார்கள். விமானம் நேரம் மாறினால் செய்தி பூட்டிய கடைக்குத்தான் போகும். உங்கள் கைத்தொலைபேசி எண்ணையும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பெயர். நம்மவர் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பதில் முகவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் குடும்பப் பெயராக எது பதியப்பட்டிருக்கிறதோ, அதைச் சொன்னால்தான் விமான நிறுவனத்தின் தொலைபேசியில் இருப்பவருக்குப் பதிவைத் திறக்க முடியும். ஆறு எழுத்துப் பதிவு எண்ணையும் அந்தப் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி, பயணியிடமும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். இரண்டு நிறுவனங்களின் விமானத்தில் போவதாயின் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எண் இருக்கக்கூடும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வெளிக்கிடும் மகிழ்ச்சியில் போர்டிங் பாஸைப் படமெடுத்து முகநூலில் போட வேண்டாம். அதிலுள்ள கோட்டுக் குறியிலேயே உங்கள் பெயரும் பதிவு எண்ணும் அடங்கியிருக்கின்றன.

புறப்படும் நாள்

கட்டுநாயக்கவுக்கு விமானம் புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன்னர் போய்ச் சேர வேண்டும். வீதியில் வான் பழுதடைந்ததற்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுத் தேநீர் குடிக்கும் நேரம், வெள்ளம் ஏறிய மழைக்கால வீதி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு வெளிக்கிடுங்கள். முதல் பறப்பைத் தவறவிட்டால் அதே டிக்கெட்டிலுள்ள மற்றப் பறப்புகளும், பெரும்பாலும் திரும்பி வரும் பறப்பும்கூட, தானாகவே இரத்தாகிவிடும் என்பதை வான் சாரதிக்கும் முற்கூட்டியே விளங்கப்படுத்துங்கள்.

கைப்பையில் இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான மாத்திரைகள், ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, கைத்தொலைபேசி மின்னேற்றி, சிறிதளவு டொலர் நோட்டுகள் ஆகியவை இருக்க வேண்டும். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது. சரக்கறையின் குளிரில் அது உறைந்து பழுதாகலாம். பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். பெட்டியை மூடுவதற்கு முன்னர் திறந்த பெட்டியை ஒரு படமும், மூடிய பிறகு வெளிப்புறத்தை ஒரு படமும் எடுங்கள்.

பொதியை ஒப்படைக்கும்போது கருமபீட ஊழியர் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் வெள்ளைப் பட்டியைக் கவனியுங்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். ரொறன்ரோவுக்குப் போகிறவரின் பட்டியில் YYZ என்ற குறியீடு, அதாவது இறங்கப்போகும் விமான நிலையத்தின் குறியீடு இருக்க வேண்டும். மாறும் இடத்தின் குறியீடு மட்டும் இருந்தால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். அதே பட்டியிலிருந்து கிழித்த சிறிய துண்டைப் போர்டிங் பாஸின் பின்புறத்தில் ஒட்டித் தருவார்கள். 10 இலக்கம் கொண்ட அந்தத் துண்டுதான் உங்கள் பெட்டிக்கு உள்ள ஒரே அத்தாட்சி. வீடு போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறக்கும் வரை அதை எறியாதீர்கள்.

முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்னர் பதிவு செய்யுங்கள். மாறும் இடத்தில் தள்ளிக்கொண்டு வருபவர் ஓரிடத்தில் இருத்திவிட்டுப் போவார். விமானம் சுணங்கினால் அவருடைய வேலை நேரம் முடிந்து, அடுத்தவருக்கு உங்கள் அம்மா அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம். விமானம் ஏறும் வாயிலின் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அம்மாவின் கையில் கொடுப்பது, இந்த நிலையில் பெரிய உதவியாகும்.

மாறும் இடத்தில் விமானம் போய்விட்டால்

முதலில் உதவிக் கருமபீடத்தின் வரிசையில் நில்லுங்கள். நின்றபடியே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையை விமான நிறுவனத்துடன் தொலைபேசியிலோ அரட்டைச் சேவையிலோ பேசச் சொல்லுங்கள். ஒரு விமானம் பிந்தினால் அதிலிருந்து மாற வேண்டிய பல நூறு பேர் ஒரே நேரத்தில் இருக்கை தேடுவார்கள். வரிசையில் உங்கள் முறை வருவதற்கு முன்னரே தொலைபேசியில் இருக்கை கிடைத்துவிடக்கூடும்.

கருமபீடத்தில் கேட்க வேண்டியவை ஐந்து: அடுத்த விமானத்தின் உறுதி செய்யப்பட்ட போர்டிங் பாஸ், உணவு, இரவு தங்குமிடம், பொதி எங்கே இருக்கிறது என்ற விபரம், சுணக்கத்துக்கான காரணம் எழுத்தில். கேட்காதவர்களுக்கு இவை கிடைப்பது அரிது என்பதை என் மாமியின் பயணத்தில் கண்டேன். மகனிடம் கனடாவுக்குப் போன அவர், முதல் விமானம் பிந்தியதால் மாறும் இடத்தில் அகப்பட்டு, இரவு என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

“தம்பி, நாளைக்குத்தானாம் பிளேன். இந்தப் பிள்ளை ஒரு துண்டு தந்திருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

“மாமி, போனை அந்தத் துண்டுக்கு நேர பிடியுங்கோ.”

அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான சீட்டு. புதிய போர்டிங் பாஸும் இல்லை, படுப்பதற்கு இடமும் இல்லை. அந்த ஊழியர் மாமியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவரை அழைத்திருக்கிறார். மச்சான் முற்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதி, கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துவிட்ட ஒரு தாள் இருந்தது. இவர் ஆங்கிலம் பேசமாட்டார், நீரிழிவு நோயாளி, விமானம் தவறினால் அடுத்த பறப்பின் போர்டிங் பாஸும் தங்குமிடமும் தேவை, இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்பதே அதன் பொருள். “அதே பிள்ளையிட்ட போய் அந்தத் தாளைக் குடுங்கோ, ஒண்டும் கதைக்க வேண்டாம்” என்றேன். தாளைப் படித்த பிறகு அந்த ஊழியர் இன்னொருவரைக் கூப்பிட்டு, மாமிக்கு விமான நிலையத்துக்கு உள்ளேயே இருக்கும் விடுதியில் ஒரு கட்டிலும், மறுநாள் போர்டிங் பாஸும் கொடுத்தார். அந்தக் கட்டில் முதலிலேயே இருந்ததுதான். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரைக் கதிரையில் இருத்தி வைத்த அந்த அலட்சியத்தை நினைக்க எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மாறும் நாட்டின் வீசா இல்லாதவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே போக முடியாது; ஆகவே ‘வெளியே விடுதி தருகிறோம்’ என்று சொன்னாலும், உள்ளே தங்குமிடம் வேண்டும் என்றே கேளுங்கள். இப்படியொரு தாளை எழுதிக் கொடுக்காமல் எந்தத் தாய் தகப்பனையும் தனியாக ஏற்றிவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். மீளளிப்பை ஏற்றுக்கொண்டால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடும். அடுத்த நாள் டிக்கெட்டோ பன்மடங்கு விலையில் இருக்கும். கையொப்பம் கேட்கும் எந்தப் படிவத்தையும் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்பி, ‘இனி வேறு கோரிக்கை இல்லை’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். சொந்தக் காசில் வாங்கிய உணவு, மருந்து எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு எடுங்கள்.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்

இழப்பீட்டுச் சட்டங்கள் பயணி எந்த ஊரவர் என்பதைப் பார்ப்பதில்லை. விமானம் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த நாட்டு நிறுவனத்துடையது என்பதையே பார்க்கின்றன. யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவருக்கும் பாரிஸ்வாசி ஒருவருக்கும் அங்கே ஒரே உரிமைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், ஒன்றியத்துக்குள் வருவனவற்றில் ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் பொருந்துகிறது. சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் இதையே பின்பற்றுகின்றன. அதனால் வளைகுடா நிறுவனம் ஒன்றில் கொழும்பிலிருந்து பாரிஸுக்குப் போகும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. அதே நிறுவனத்தில் பாரிஸிலிருந்து கொழும்புக்குத் திரும்பும்போது உண்டு. ஒரே பதிவில் திரும்புகிறவர் டோகாவில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாலும், கொழும்பில் எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதே கணக்கு. மூன்று மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் பிந்தி, காரணம் நிறுவனத்தின் பொறுப்புக்கு உட்பட்டதாயின், 3500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ. நான்கு மணித்தியாலத்துக்குக் குறைந்த சுணக்கமாயின் அதில் பாதி. பிரித்தானியாவில் இதே விதி 520 பவுண் என்று இருக்கிறது. புயல் போன்ற அசாதாரண காரணங்களுக்கு இந்தப் பணம் கிடையாது, ஆனால் உணவும் தங்குமிடமும் அப்போதும் தரப்பட வேண்டும்.

கனடாவின் பயணிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2019 முதல் நடைமுறையில் உள்ளன. அவை கனடாவுக்கு வரும் பறப்புகளுக்கும் பொருந்துவதால், ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இவை கூடுதலாகப் பயன்படும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த, பாதுகாப்புக் காரணம் அல்லாத சுணக்கத்துக்குப் பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஆறு மணித்தியாலம் வரை 400 கனடிய டொலரும், ஒன்பது வரை 700 டொலரும், அதற்கு மேல் 1000 டொலரும் செலுத்த வேண்டும். ஓராண்டுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இவை எதுவும் பொருந்தாத இடத்தில் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சாசனம் இருக்கிறது. இலங்கை, இந்தியா, கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் அதில் இணைந்தவை. இது நிலையான தொகை எதையும் தருவதில்லை. சுணக்கத்தால் உங்களுக்கு ஏற்பட்ட செலவைப் பற்றுச்சீட்டுடன் காட்டினால், அதைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபிக்காத பட்சத்தில், ஓர் உச்ச வரம்பு வரை அது ஈடுசெய்ய வேண்டும். பற்றுச்சீட்டைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பொதி வராவிட்டால்

சுழலும் பட்டி நின்று, உங்கள் பெட்டி வரவில்லை என்று தெரிந்ததும், வெளியே காத்திருக்கும் பிள்ளைகளிடம் ஓடாமல் அதே மண்டபத்திலுள்ள பொதிக் கருமபீடத்துக்குப் போய் அறிக்கை எழுதுவியுங்கள். ஊழியர் பெட்டிப் படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையைக் காட்டி, நிறமும் வகையும் கேட்பார். கறுப்பு நிறச் சில்லுப் பெட்டி என்றால் அங்கே அப்படி எத்தனையோ கிடக்கும். நீங்கள் எடுத்த படமும், கைப்பிடியில் கட்டிய பச்சைச் சீலைத் துண்டும்தான் அதை வேறுபடுத்தும். அறிக்கையின் 10 எழுத்தெண் கொண்ட குறியீட்டை வாங்காமல் அங்கிருந்து நகர வேண்டாம்.

பெட்டி சேதமடைந்திருந்தால், அது கையில் கிடைத்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தி வந்திருந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். 2024 டிசம்பர் 28 முதல் பொதிக்கான உச்ச வரம்பு ஒருவருக்கு 1519 விசேட எடுப்பனவு உரிமைகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2000 அமெரிக்க டொலர். ஆகவே தாலிக்கொடியையும் நகைகளையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள்.

முறைப்பாடு எழுதுவது

முறைப்பாட்டை ஆங்கிலத்தில், நிறுவனத்தின் இணையப் படிவத்திலேயே பதிந்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர், பதிவு எண், டிக்கெட் எண். பின்னர் ஒவ்வொரு பறப்பின் எண்ணும் திகதியும், குறித்த நேரமும் உண்மையில் இறங்கிய நேரமும். அதன் பின் என்ன தரப்பட்டது, என்ன தரப்படவில்லை. கடைசியில் எந்த விதியின்படி எவ்வளவு தொகை கேட்கிறீர்கள் என்பது. ஊழியர் கடுமையாக நடந்துகொண்டதை ஒரு வசனத்தில், இடமும் நேரமும் சேர்த்து எழுதினால் போதும். கோபத்தை நாலு பக்கத்துக்கு எழுதினால், படிப்பவர் அதற்குள்ளிருந்து தொகையையும் திகதியையும் தேடி எடுக்கமாட்டார்.

முதல் பதில் பெரும்பாலும் ஒரு மன்னிப்பும், அடுத்த பயணத்துக்கான கழிவுச் சீட்டுமாகவே வரும். பணமாகவே வேண்டும் என்று அதே முறைப்பாட்டு எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்ப எழுதுங்கள். முகவரிடம் போகச் சொன்னால், டிக்கெட் மீளளிப்பு முகவர் வழியாகப் போகலாம், ஆனால் சுணக்கத்துக்கான இழப்பீடு விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் பொறுப்பு என்று பதில் கொடுங்கள். இடைத்தரகு நிறுவனங்கள் உங்களுக்காக வாதாடிப் பணம் பெற்றுத் தந்தாலும் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதால், நீங்களே எழுதிப் பார்த்த பிறகு அவற்றிடம் போகலாம். பதில் வராவிட்டால் கனடாப் பயணத்துக்குக் கனடியப் போக்குவரத்து முகவரகத்துக்கும், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பயணத்துக்குப் புறப்பட்ட நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும், இலங்கையிலிருந்து தொடங்கிய பறப்புக்கு இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். மொன்றியல் சாசனத்தின் கீழ் நீதிமன்றம் போவதற்கு, விமானம் வந்து சேர்ந்த அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே அவகாசம் உண்டு. அந்தத் திகதியை முறைப்பாட்டு நகலின் மேலேயே எழுதி வையுங்கள்.